இரு மொழிகளுக்கிடையே ஒரு கிராணி

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டு 1929. அக்கால மலாயாத் தோட்டங்களில் காலைதோறும் பெரட்டு நடைபெறும். தமிழ்த் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் பெயரையும் ஆங்கிலச் செக்ரோலில் ஏற்றுவார் கிராணியார். ஒரு பெயர் விடுபடின், ஒருவரது நாட்கூலி போயிற்று. வரிசையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மற்றொரு மொழியிடம் சேர்ப்பிக்கும் இத்தகைய பணி கணினிக்குள்ளும் உண்டு.

ஒரு தொகுப்பின் உள்ளமைப்பை அறியாமலே, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெற உதவும் கருவிக்கு 'இட்டரேட்டர்' என்று பெயர். 1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய 'குளூ' என்னும் கணினி மொழி இதனைத் தெளிவுற வகுத்தது. 1994இல் அலெக்சாண்டர் ஸ்டெப்பனோவின் நூலகம் சி பிளஸ் பிளஸ் மொழியின் தரவரைவில் இடம்பெற்றபோது, அம்மொழிக்குரிய இட்டரேட்டர் முறையும் நிலைபெற்றது. 2001இல் பைத்தான் மொழி வேறொரு முறையை மேற்கொண்டது.

சி பிளஸ் பிளஸ், தொடக்கம், முடிவு என இரு குறிகளை வைக்கிறது. நாம் 'ஒன்று முதல் பத்து ஈறாக' என்றால் பத்தும் அடங்கும். அம்மொழியின் முடிவுக்குறியோ இறுதி உறுப்பைச் சுட்டுவதன்று. அதற்கப்பாலுள்ள இடத்தைச் சுட்டுவது. பைத்தானுக்கு முடிவுக்குறி இல்லை. அது 'அடுத்தது' என்று கேட்டுக்கொண்டே செல்லும். தீர்ந்தவுடன் நிறுத்த அறிவிப்பு வரவேண்டும். ஆகவே இரண்டுக்குமிடையே 'உறை' எனப்படும் சிறு நிரல் தேவையாகிறது. 1996இல் டேவிட் பீஸ்லி வெளியிட்ட 'ஸ்விக்' என்னும் கருவி, இத்தகைய உறைகளைத் தானே எழுதித் தரும் வழியைத் திறந்தது.

உறையின் கடமைகள் இரண்டு. ஒவ்வொரு முறையும் முடிவை எட்டியாயிற்றா என்று நோக்குதல் முதலாவது. இறுதி உறுப்பையே முடிவுக்குறியென்று கொண்டால் கடைசி உறுப்பு விடுபடும். அதனையும் தாண்டினால், இல்லாத ஒன்று கணக்கில் ஏறும். எண்ணி முடியும்வரை மூலத்தொகுப்பு அழியாமல் காத்தல் இரண்டாவது. தொகுப்பு அழிந்தபின் குறி மட்டும் எஞ்சினால், அது வெற்றிடத்தையே காட்டும்.

சொல்லுக்குச் சொல் மாற்றுவதோடு மொழிபெயர்ப்பு முடிந்துவிடுவதில்லை. எல்லையை ஒவ்வொரு மொழியும் எங்கே வைக்கிறது என்பதை அறிந்தவனே, வரிசையின் கடைசியில் நிற்பவரையும் விடாமல் கணக்கில் சேர்ப்பான்.