வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர்

வருகைப் பதிவேடு எடுத்தே காலம் கழித்தவன் நான். உயிரியல் பூங்காக்களிலும் விலங்குகளுக்குப் பெயர், பிறப்பு, தாய் தந்தை எழுதிய வம்சாவளிப் பதிவேடு உண்டு. அதில் டாஸ்மேனியன் டெவில் கதை என்னை உலுக்கியது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவுதான் அதன் தாயகம். ஆயுள் ஐந்தாறு ஆண்டுகள்தான். குட்டிகள் பிறக்காவிட்டால் பதிவேடு சீக்கிரமே காலியாகிவிடும். அப்படியே ஆனது. 2004 மே மாதம் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் பூங்காவில் 'கூலா' இறந்தது. அதோடு வெளிநாட்டுப் பக்கம் வெறுமையானது.

அது மிக மோசமான நேரம். 1996-இல் முதலில் தென்பட்ட முகப் புற்றுநோய், ஒன்றையொன்று கடிக்கும்போது தொற்றி, தீவில் அவற்றை அழித்துக்கொண்டிருந்தது. அங்கே ஹோபார்ட் பூங்காவில் 1936-இல் கடைசி டாஸ்மேனியப் புலி இறந்ததை அந்த மக்கள் மறக்கவில்லை.

2005-இல் டென்மார்க்கில் இளவரசர் கிறிஸ்டியன் பிறந்தார். தாய் மேரி, ஹோபார்ட்டில் பிறந்தவர். அந்த மகிழ்ச்சியில் இரண்டு ஆண், இரண்டு பெண் டெவில்களை டாஸ்மேனிய அரசு கோபன்ஹேகன் பூங்காவுக்குப் பரிசளித்தது. 2013-இல் சான் டியாகோவுக்கும் சில போயின.

வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை மிஞ்சும்வரை காத்திருந்துவிட்டுப் பெயர் கூப்பிடுவதில் பயனில்லை. எண்ணிக்கை குறையும்போதே கவனிக்க வேண்டும்.