‘கோஜிரா’: அச்சமும் அழுகையும்

முன்னுரை

அச்சத்தை விளைவிக்கவென்றே தோன்றிய கலைப்படைப்புகளுக்கு ஆயுள் குறைவு. ஒரு தலைமுறையை நடுங்கச் செய்த உருவம் அடுத்த தலைமுறைக்கு நகைப்பிற்கு இடமாகிவிடுகிறது. கருவிகளை நம்பி வாழும் திரைப்படக் கலைக்கு இது மிகவும் பொருந்தும். 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான ‘கோஜிரா’ என்னும் அறிவியல் அச்சப் படத்தை உலகம் ‘காட்ஸில்லா’ என்ற பெயரால் அறியும். கடலடியில் ஒடுங்கிக் கிடந்த தொல்விலங்கு ஒன்று ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் நிலைகுலைந்து எழுந்து டோக்கியோ நகரை அழிப்பது அதன் கதை. எழுபது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், அப்படம் இன்றும் நிற்கிறதா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். எது நிற்கும், எது உதிரும் என்பது கவிஞர்களுக்கும் உரிய வினாவாதலின், நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இதனை எழுப்புவது பொருத்தமேயாகும்.

இவ்வினாவை அளப்பதற்கு நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினைக் கூறும். அழுகை பிறக்கும் இடங்களுள் ஒன்றாக இழவினைக் கூறும். ‘கோஜிரா’ அச்சத்தில் தொடங்கி அழுகையில் முடியும் படம். அதன் ஆயுளும் அங்கேதான் அடங்கியிருக்கிறது.

தோற்றக் களம்

1954 மார்ச்சு 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினித் தீவுப் பகுதியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலியது. வல்லுநர்கள் கணித்ததைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேற்பட்டது. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே ‘டைகோ ஃபுகுர்யூ மாரு’ என்னும் ஜப்பானிய மீன்பிடி கப்பல் இருந்தது. அதிலிருந்த 23 மீனவர்மீதும் வெண்சாம்பல் பொழிந்தது. மார்ச்சு 14 அன்று அவர்கள் யைசு துறைமுகத்திற்குத் திரும்பியபோது கதிரியக்க நோய் அவர்களைப் பற்றியிருந்தது. அக்கப்பலின் வானொலி இயக்குநர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று உயிர் நீத்தார். சூரை மீனை உண்ணவே மக்கள் அஞ்சினர். அணுகுண்டுகளுக்கு எதிராகத் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் அடுத்த ஆண்டிற்குள் 3 கோடிக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

அம்மீனவர் இறந்து ஆறு வாரங்கள் கூட நிறையுமுன் படம் திரைக்கு வந்தது. அதன் முதற்காட்சியே ஒரு கப்பலைப் பற்றியது. மாலுமிகள் தளத்தில் இசைத்தும் விளையாடியும் பொழுது போக்குகின்றனர், கடல் ஒளிர்ந்து கொதிக்கிறது, கப்பல் எரிகிறது. அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றியிருக்க இயலாது. செய்தித்தாளில் படித்த துயரம் திரையில் எரிந்ததாகவே கொண்டிருப்பர்.

இயக்குநர் ஹோண்டா இஷிரோ சீனப் போர்முனையில் பணியாற்றியவர். தாயகம் திரும்பியபின் ஹிரோஷிமாவின் அழிவை நேரிற் கண்டவர். விலங்கை வெறும் விலங்காக அவர் படைக்காமைக்கு இவ்வனுபவமே காரணம் எனலாம். ‘கொரில்லா’, திமிங்கிலத்தைக் குறிக்கும் ‘குஜிரா’ ஆகிய இரு சொற்களின் புணர்ப்பே ‘கோஜிரா’ என்னும் பெயர். படத்தில் வரும் தீவின் முதியவர் ஒருவர் அதனைப் பழங்கதைத் தெய்வமாகவே பேசுகிறார். முன்னாளில் அதன் சினம் தணியக் கன்னியரைப் பலியிட்டதாகக் கூறுகிறார். அணங்கும் விலங்கும் ஓருருவில் இணைந்தன. அவற்றின் பின்னே அணுகுண்டை ஏவும் அரசு, தொல்காப்பியர் கூறிய நான்காம் இடமாகிய இறையாக மறைந்து நிற்கிறது.

மூத்துப்போனவை

குறைகளை முதலிற் கூறிவிடுதல் நேர்மை. தனிவித்தைக் காட்சிகளை அமைத்த த்சுபுராயா எய்ஜி, 1933இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தைப் போலப் பொம்மையைச் சட்டம் சட்டமாக நகர்த்திப் படமாக்க விரும்பினார். அதற்குக் காலம் போதாமையால் மனிதனுக்கே விலங்கின் உடை அணிவித்தார். முதலிற் செய்த உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அதனுள் இருந்த நகாஜிமா ஹருவோ விளக்குகளின் வெப்பத்தில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்க முடிந்தது. இன்றைய கண்ணுக்கு அவ்வுடையின் மடிப்பு தெரிகிறது. தாக்கும் வானூர்திகள் பொம்மைகள் என்பதும் தெரிகிறது. இரு ஆடவர், ஒரு பெண் என்னும் காதற் கிளைக்கதையும் வலுவற்றது.

எனினும் சில உத்திகள் இன்றும் பயன் தருகின்றன. இரவுக் காட்சிகளின் கருப்பு வெள்ளை இருள் உடையின் குறைகளை மறைக்கிறது. விலங்கின் ஓலத்தை இசையமைப்பாளர் இஃபுகுபே அகிரா அமைத்த முறை வியப்பிற்குரியது. டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் நரம்புகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோற்கையுறையால் தேய்த்து அவ்வொலியை எழுப்பினார். அது சினத்தின் ஒலியாக மட்டும் கேட்பதில்லை. வலியின் ஒலியாகவும் கேட்கிறது.

மூலமும் இடைச்செருகலும்

‘காட்ஸில்லா’ பழசாகிவிட்டது என்று கூறுவோர் எதனைக் கண்டு கூறுகின்றனர் என்பதை முதலில் வினவ வேண்டும். இங்குப் பதிப்பாசிரியரின் நோக்கு நமக்குத் துணைபுரியும். 1956இல் அமெரிக்காவில் வெளியான வடிவத்தில் மூலப்படத்தின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்கச் செய்தியாளராக நடிக்கச் செய்து புதுக்காட்சிகள் சேர்க்கப்பட்டன. 96 நிமிடப் படம் ஏறத்தாழ 80 நிமிடமாயிற்று. இக்கட்டுரையாளரும் முதலிற் கண்டது இவ்வடிவத்தையே. கண்டபோது பெரிதாக எதுவும் தோன்றவில்லை. மூலத்தைக் கண்ட பின்னரே இழந்தது விளங்கிற்று.

வெட்டுண்டவை எவை என்று நோக்கின் உண்மை புலப்படும். தொடர்வண்டியில் செல்லும் இளம்பெண் ஒருத்தி, நாகசாகியில் தப்பிப் பிழைத்த உயிர் இனி இதற்கு இரையாகவோ என்று சலித்துக்கொள்கிறாள். அக்காட்சி அமெரிக்க வடிவத்தில் இல்லை. மூலத்தின் இறுதியில், இத்தகைய சோதனைகள் தொடருமானால் இன்னொரு கோஜிரா எங்கேனும் தோன்றக்கூடும் என முதிய அறிஞர் யமானே வருந்துகிறார். அமெரிக்க வடிவமோ, ஆபத்து நீங்கியது, உலகம் இனி வாழலாம் என்னும் ஆறுதலோடு முடிகிறது. விலங்கு எஞ்சியது, அது எழுந்ததன் காரணம் நீக்கப்பட்டது. மூலப்படம் தன் முழுவடிவில் அமெரிக்க அரங்குகளில் பரவலாகத் திரையிடப்பட்டது 2004இல்தான். அரை நூற்றாண்டுக் காலம் மேலைநாட்டுச் சுவைஞர் பலர் தீர்ப்பளித்தது சிதைந்த பாடத்தை வைத்தே என்பதை மறத்தலாகாது.

மூக்காதவை

நகரழிவின் நடுவே ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு கட்டடத்தின் அடியில் ஒடுங்கியிருக்கிறாள். இன்னும் சற்று நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். அத்தந்தை போரில் இறந்தவர் என்பதைப் படம் சொல்வதில்லை. ஒன்பதாண்டுகளுக்கு முன் போர் முடிந்த நாட்டில் அதைச் சொல்லவேண்டிய தேவை இல்லை. மறுநாள் மருத்துவமனையில் கதிரியக்கத்தை அளக்கும் கருவியை மருத்துவர் ஒரு குழந்தையின் அருகே நீட்டுகிறார், கருவி ஒலிக்கிறது, அவர் தலையை மட்டும் அசைக்கிறார். இக்காட்சிகளில் விலங்கு இல்லை, வித்தை இல்லை. ஆதலின் மூப்பும் இல்லை.

செரிசாவா என்னும் அறிவியலாளரின் தடுமாற்றம் மற்றொன்று. நீரிலுள்ள உயிர்வளியை அழித்து உயிரனைத்தையும் மாய்க்கும் ஓர் ஆற்றலை அவர் கண்டறிந்துள்ளார். அதனால் கோஜிராவைக் கொல்லலாம். ஆனால் ஒருமுறை பயன்படுத்தினால் உலக அரசுகள் அதனை ஆயுதமாக்கும். மாணவியர் பாடும் அமைதிப் பாடலைக் கேட்டு மனம் மாறுகிறார், குறிப்புகளை எரிக்கிறார். தாள்களை எரித்தாலும் நெஞ்சில் உள்ளதை எரிக்க இயலாதென உணர்ந்து, கடலுக்குள் இறங்கித் தம் உயிர்க்கயிற்றைத் தாமே அறுத்துக்கொள்கிறார். அறிந்ததை அறியாததாக்க இயலுமா என்னும் அவ்வினாவிற்கு 1954இலும் விடையில்லை, இன்றும் இல்லை. விலங்கு இறக்கும்போது படம் வெற்றி முழக்கம் செய்யவில்லை. கொன்றவனையும் கொல்லப்பட்டதையும் சேர்த்தே அது இரங்குகிறது.

படம் பேசாத பகுதி

இத்துணைப் போற்றத்தக்க படத்தில் ஒரு மௌனமும் உண்டு. தன் நாடு பட்ட துன்பத்தை இவ்வளவு ஆழமாக நினைந்தழும் இப்படம், தன் நாட்டுப் படை பிறருக்கு இழைத்த துன்பத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. செரிசாவாவின் ஒரு கண்ணைப் போர் பறித்தது என அறிகிறோம். அது யாருக்கு எதிரான போர் என்பது பேசப்படவில்லை. தமிழர் இதனைக் கவனியாமல் இருத்தல் அரிது. 1942–43இல் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படை கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் நோயாலும் பட்டினியாலும் அக்காட்டிலேயே மடிந்தனர். அவர்களுக்காக எழுந்த பேருருவம் எத்திரையிலும் இல்லை. இதனால் ‘கோஜிரா’வின் அழுகை பொய்யாகிவிடாது. ஆயினும் அது பாதி அழுகை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தன் இழவுக்கு அழுதல் எளிது. தன்னால் நேர்ந்த பிறர் இழவுக்கு அழுதல் அரிது. இது திரைக்கலைக்கு மட்டும் உரிய குறையன்று. நம் எழுத்தையும் நாம் இக்கண்கொண்டு நோக்கலாம்.

முடிவுரை

1955இலேயே இதன் தொடர்ச்சி வெளிவந்தது. பின்வந்த படங்களில் கோஜிரா மெல்ல மெல்லச் சிறுவர்களின் தோழனாக மாறிற்று; அழுகை நீங்கியது, விளையாட்டு எஞ்சியது. 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ போர்க்கால இழவுக்கு மீண்டும் திரும்பியது. சிறந்த காட்சி வித்தைக்கான ஆஸ்கர் விருதை 2024இல் பெற்றது. அதே 2024இல், அணுகுண்டுக்குத் தப்பியோரின் அமைப்பாகிய நிஹோன் ஹிடான்கியோவிற்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1954இன் காயம் இன்னும் ஆறவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

எனவே ‘கோஜிரா’ இன்றும் நிற்கிறதா என்னும் வினாவிற்கு விடை இரண்டு கூறுடையது. அச்சுறுத்தும் படமாக அது பெரும்பாலும் மூத்துவிட்டது. அழுகைப் படமாக அது மூக்கவில்லை. அச்சத்தைப் புதிய கருவிகள் நாளும் மிகையாக்கித் தருகின்றன. ஆகவே பழைய அச்சம் சிறுத்துப்போகிறது. உண்மையான இழவிலிருந்து பிறந்த சொல்லும் காட்சியும் மற்றொன்றோடு போட்டியிடுவதில்லை. அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்துக் கவிதைகளுள் எவை நிற்கும் என்று நாம் வினவும்போது, குழந்தைகளை அணைத்து ஒடுங்கியிருக்கும் அத்தாயையும் நினைத்துக்கொள்ளலாம்.