உருகுவே பாஸ்போர்ட்: குடியுரிமை கிடைத்தாலும் 'தேசியம்' மாறாதா?

உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். 'நேஷனாலிட்டி' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நாம் யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் உருகுவேயில் குடியேறி, முறைப்படி குடியுரிமை வாங்கியவர்களுக்கு அந்த ஒரு கட்டம்தான் பல வருடத் தலைவலி. ஏன்?

உருகுவேயா? நமக்கென்ன சம்பந்தம்?

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே இருக்கும் சின்ன நாடு. மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். ஐடி துறையில் இருப்பவர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கலாம். தலைநகர் மான்டிவிடியோவில் 2002 முதலே டி.சி.எஸ். அலுவலகம் இயங்குகிறது.

இந்த பாஸ்போர்ட் எவ்வளவு பவர்ஃபுல்?

நல்ல பாஸ்போர்ட்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போய், 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கலாம். பிரேசில், அர்ஜென்டினா போன்ற அண்டை நாடுகளுக்குப் போக பாஸ்போர்ட்டே வேண்டாம், அடையாள அட்டை போதும். ஆனால் அமெரிக்காவுக்கு விசா வேண்டும். 1999-ல் கிடைத்த விசா விலக்கு 2003-ல் போய்விட்டது.

அப்புறம் சிக்கல் எங்கே?

குடும்பத்தோடு வசித்தால் 3 ஆண்டு, தனியாக வசித்தால் 5 ஆண்டு. அதன் பிறகு 'சட்டக் குடிமகன்' ஆக விண்ணப்பிக்கலாம். ஆனால் உருகுவே சட்டத்தில் குடியுரிமை வேறு, தேசியம் வேறு! அங்கே பிறந்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும்தான் 'தேசியர்'. குடியேறியவர் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் குடிமகன் மட்டுமே.

இதனால், அவர்களின் உருகுவே பாஸ்போர்ட்டில் தேசியம் என்ற இடத்தில் பிறந்த நாட்டின் குறியீடே அச்சாகி வந்தது. எல்லையில் இருக்கும் அதிகாரியும் கம்ப்யூட்டரும் பார்ப்பது அந்தக் குறியீட்டைத்தான். கையில் இருப்பது உருகுவே பாஸ்போர்ட். ஆனால் உருகுவேக்காரர்களுக்கான விசா சலுகை கிடைக்குமா என்பது சந்தேகம்.

2025-ல் என்ன மாறியது?

அந்த ஆண்டு ஏப்ரலில் புதிய பாஸ்போர்ட் வந்தது. எல்லாருக்கும் உருகுவேயின் குறியீடு. கூடவே, பிறந்த இடம் என்ற விவரம் நீக்கப்பட்டது. பிரச்னை தீர்ந்தது என்று பார்த்தால், பிறந்த இடம் இல்லாத பாஸ்போர்ட்டை ஏற்பதில் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகள் முரண்டு பிடித்தன. இந்த முறை உருகுவேயில் பிறந்தவர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். சில மாதங்களிலேயே, பிறந்த இடத்தை மீண்டும் சேர்க்க அரசு முடிவெடுத்தது.

ஓர் இந்தியர் அங்கே குடிமகன் ஆனால்?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதாவது, பழைய முறையில் உருகுவே உங்களை 'இந்தியத் தேசியர்' என்று அச்சடித்துக் கொடுக்கும். இந்தியாவோ 'நீங்கள் எங்கள் குடிமகன் இல்லை' என்று சொல்லும். இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பது நீங்கள்தான்.

குடியுரிமையைத் திரும்ப இழக்கும் விதியிலும் வித்தியாசம் உண்டு. அங்கே பிறந்தவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும் உருகுவே தேசியம் போகாது. சட்டக் குடிமகன் அப்படி வாங்கினால், உருகுவே குடியுரிமை போய்விடும்.

ஆகவே, எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும், 'எத்தனை நாட்டுக்கு விசா ஃப்ரீ?' என்று தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். 'என் பெயருக்கு வரும் பாஸ்போர்ட்டில் தேசியம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள்?' என்று முதலில் கேளுங்கள்.