காசாபிளாங்கா (1942)

மைக்கேல் கர்டிஸ் இயக்கி, வார்னர் பிரதர்ஸ் தயாரித்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மொராக்கோவில் மதுவிடுதி நடத்தும் ரிக் (ஹம்ப்ரி போகார்ட்), பாரிசில் தன்னைப் பிரிந்த இல்சாவை (இங்க்ரிட் பெர்க்மன்) அவள் கணவனோடு மீண்டும் சந்திக்கிறான். காதலா, நாஜி எதிர்ப்பா என்ற இழுபறிதான் கதை.

படப்பிடிப்பின்போது திரைக்கதை முடிந்திருக்கவில்லை. இல்சா யாரோடு போவாள் என்று கேட்ட பெர்க்மனிடம், ரிக், கணவன் இருவருக்கும் இடைப்பட்ட மனநிலையில் நடிக்கச் சொன்னார் கர்டிஸ். அந்தத் தவிப்பு பெர்க்மனின் கண்களில் அப்படியே தெரிகிறது. படத்தின் உயிரே அதுதான். பெர்க்மன் உயரமானவர் என்பதால் போகார்ட் காலணிக்கடியில் கட்டை வைத்து நடித்தார். திரைக்கு வெளியே இருவரும் அதிகம் பழகியதில்லை என்பதுதான் வேடிக்கை.

சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய 3 ஆஸ்கர் விருதுகளை வென்றது. போகார்டும் பெர்க்மனும் பிறகு எந்தப் படத்திலும் இணையவில்லை.