பாட்டனார் கதையும் பேரனார் படமும்

1913-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழ் வெளிவரத் தொடங்கியது. வங்க மொழியில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருளுண்டு. இனிப்புப் பண்டம் என்றும் பொருளுண்டு. குழந்தைகளுக்கான இதழுக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது. இதழைத் தோற்றுவித்தவர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. எழுத்து, ஓவியம், வயலின், படங்களை அச்சிடும் நுட்பம் ஆகிய நான்கிலும் வல்லவர். அவ்விதழில் 1915-இல் அவர் எழுதிய கதையே 'கூபி காயேன் பாகா பாயேன்'. அவ்வாண்டு இறுதியிலேயே அவர் மறைந்தார். அவருடைய மகன் சுகுமார் ராயின் மைந்தர் சத்யஜித் ராய் பிறந்தது 1921-இல். பேரனார் பாட்டனாரைக் கண்டதில்லை; அவர் எழுத்தை மட்டுமே கண்டார்.

கதை எளியது. கூபிக்குப் பாட்டில் அடங்காத ஆசை, குரலோ கொடுமை. பாகாவின் முழவும் அவ்வாறே. ஊரார் பொறுக்கமாட்டாமல் துரத்திவிட, இருவரும் காட்டில் சந்திக்கின்றனர். மனிதர் வெறுத்த இசையைப் பேய்கள் விரும்பிக் கேட்டு வரங்களை வழங்குகின்றன. பின்னர் ஷுண்டி, ஹல்லா என்னும் இரு நாடுகளுக்கிடையே மூளும் போர். அதில் இவர்கள் புகுந்து செய்யும் வேடிக்கைகள்.

குழந்தைகளுக்காக ஒரு படம் எடுக்கவேண்டும் என்று மகன் சந்தீப் கேட்டதன்பேரில் இக்கதையைக் கையிலெடுத்தார் சத்யஜித் ராய். படம் 1969-இல் வெளிவந்தது. கூபியாக தபேன் சட்டர்ஜியும் பாகாவாக ரபி கோஷும் நடித்தனர். கூபிக்குப் பின்னணி பாடியவர் அனுப் கோஷால். பொருள் முடையால் முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்க இயலவில்லை. இறுதிக் காட்சி மட்டுமே வண்ணம் பெற்றது. படத்தில் கூபியின் ஊர் ஆம்லகி, பாகாவின் ஊர் ஹர்த்துகி. அதாவது நெல்லியும் கடுக்காயும். (தான்றிக்காயும் சேர்ந்திருந்தால் திரிபலை முற்றுப்பெற்றிருக்கும்!)

பேரனார் செய்த மாற்றங்களுள் சிறியதாகத் தோன்றிப் பெரியதாவது ஒன்று. கதையில், வேண்டிய உணவு ஒரு பையிலிருந்து வரும். படத்தில் பை இல்லை. ஒருவர் கையோடு மற்றவர் கையைத் தட்டினால்தான் உணவும் உடையும் வரும். மாயச் செருப்பை அணிந்தாலும் அவ்வாறு தட்டினால்தான் நினைத்த ஊர் சேரலாம். பையை ஒருவனே தூக்கிச் செல்லலாம். கைதட்ட இருவர் வேண்டும். நட்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் அதனைக் கதையின் அச்சாணியாக்கிய இம்மாற்றம் மூலத்தையே விஞ்சுகிறது என்பது என் கருத்து.

போர்ப் பகுதியைப் பற்றி அவ்வாறு கூறமாட்டேன். அரசனை மருந்தால் மயக்கி ஆட்டுவிக்கும் அமைச்சன், மந்திரவாதி ஆகியோரைச் சுற்றிப் படம் சற்றே நீள்கிறது. பாட்டனாரின் குறும்பும் சுருக்கமும் அங்கே குன்றுகின்றன. ஆயினும் ஹல்லாவின் படைவீரர்கள் பட்டினியால் வாடி நிற்பதும், வானிலிருந்து பானை பானையாக இனிப்பு இறங்கியதும் ஆயுதங்களைப் போட்டுவிட்டு அவர்கள் ஓடுவதும் மறக்கவொண்ணாதவை. 1966-இல் உணவுப் போராட்டத்தைக் கண்ட வங்கத்து மக்களுக்கு அக்காட்சி வெறும் வேடிக்கையாக இருந்திராது.

இனி, தமிழராகிய நாம் தனியே கவனிக்கவேண்டிய இடத்துக்கு வருவோம். பாட்டனார் சுருக்கமாகச் சொல்லிச் சென்ற பேய்க்கூத்தைப் பேரனார் ஆறு நிமிடங்களுக்கும் மேலான நடனமாக விரித்தார். வங்க மண்ணில் மாண்டவர்களே அம்மண்ணின் பேய்களாகவும் இருத்தல் வேண்டும் அன்றோ? அரசர், குடியானவர், வெள்ளையர், கொழுத்த பெரிய மனிதர் என நான்கு கூட்டங்கள் தோன்றுகின்றன. தமக்குள் சண்டையிட்டு மடிகின்றன. முடிவில் நான்கு அடுக்குகளாக நின்று ஒருங்கே ஆடுகின்றன. இந்நடனத்துக்குப் பண்ணே கிடையாது, தாளம் மட்டுமே. அத்தாளத்துக்கு ராய் நாடியது நமது தாளவாத்தியக் கச்சேரியை! அரசருக்கு மிருதங்கம், குடியானவருக்குக் கஞ்சிரா, வெள்ளையருக்குக் கடம், கொழுத்தவருக்கு மோர்சிங். கச்சேரி மேடையின் முதன்மைத் தோற்கருவி அரசருக்குரியதாயிற்று. கடத்தின் கறாரான ஒலி வெள்ளையரின் விறைப்புக்கு இசைந்தது. அவ்விறைப்பு மிகும்பொருட்டு அவர்கள் ஆடுவதை நொடிக்கு 16 படங்கள் என்னும் குறைந்த வேகத்தில் எடுத்தார். மோர்சிங்கின் துள்ளலைக் கேட்டாலே தொந்தி குலுங்குவது கண்முன் நிற்கும்.

நூலுக்கும் படத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் தெளிவாகிறது. பேய்கள் ஆடின என்று எழுதிவிட்டால் ஓசையைப் படிப்பவர் மனம் கற்பித்துக்கொள்ளும். படத்திலோ அவ்வோசை எது என்பதை ஒருவர் முடிவு செய்தாகவேண்டும். வங்கத்துப் பேய்களுக்கு வங்கத்து முழவையே அளித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆனால் பழகிய முழவு ஊர்த் திருவிழாவை நினைவூட்டும், பேயுலகத்தை நினைவூட்டாது. நம் காதுக்குச் சபா மேடையின் ஒலி, அவர்கள் காதுக்கு வேற்றுலகின் ஒலி. பிற மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் படத்தைப் பார்க்கையில், அண்டை வீட்டுக் குழந்தைகள் வியக்கும் அதே ஒலியை மார்கழிக் கச்சேரியில் கேட்டதாக அடையாளம் காட்டக்கூடும்.

இதனையடுத்துக் கேட்கவேண்டியது ஷுண்டி அரசவையில் கூபி பாடும் பாட்டு. அதற்குச் சொல்லும் பண்ணும் அமைத்தவர் ராயே. வங்கத்திலிருந்து வந்த எளியவர்கள் நாங்கள். எம் மொழியன்றி வேறு மொழி அறியோம். ஆயினும் இசைக்கென ஒரு மொழியுண்டு என்பது அதன் கருத்து. வேற்று நாட்டு அவையில், வேற்றுமொழி ஒன்றும் கல்லாதவன், தன் மொழியிலேயே நின்று பாடுகிறான். அந்நாட்டு மக்களோ பேசும் ஆற்றலை இழந்த ஊமையர். கேட்க மட்டுமே வல்லவர்கள்.