கதை சொல்லும் குரல் எங்கே நிற்கிறது?



ஒரு கதையைப் படித்தால் என்ன நடந்தது என்று கேட்கிறோம். யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார் என்று கேட்பதில்லை. நம் தொப்பூர்க் கணவாயைப் பற்றி இறக்கத்தில் லாரி ஓட்டி வருகிறவர் சொன்னால் அது பிரேக்கின் கதை. அடிவாரத்தில் குடியிருக்கிறவர் சொன்னால், ராத்திரி சத்தம் கேட்டு ஓடிப்போய் ஆளைத் தூக்கிய கதை. சாலை ஒன்றுதான். தமிழ் நாவலின் வரலாற்றையும் இந்தக் கேள்வியோடு ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று படித்திருக்கிறோம். அது தன்மையில் சொல்லப்பட்ட கதை. 'நான்' என்று பேசுகிறவர் செல்வமுள்ள முதலியார் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அவ்வளவுதான் நாவலின் உலகம். வேதநாயகம் பிள்ளை பெண்கல்விக்காக எழுதியவர். அவருடைய நல்லெண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லெண்ணம் கதைசொல்லியைத் திண்ணையிலிருந்து இறக்கிச் சேரிக்குக் கூட்டிவரவில்லை.

1893இல் 'விவேக சிந்தாமணி' இதழில் ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியது. அதன் கதைசொல்லி அவ்வப்போது வாசகரை நேராகப் பார்த்துப் பேசுவார், கேலி செய்வார். ஒரு கேலி புரிய வேண்டுமானால் சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே பழக்கவழக்கத்துக்குள் இருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் குரல் அழைத்த வாசகர் யார்? அந்தக் கூட்டத்தில் நம் பாட்டன், பாட்டி இருந்தார்களா?

அதே 1893இல்தான் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து, 'பேசுவது நாங்கள்' என்று அறிவித்த இதழ் அது. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். 1939இல் சீனிவாசன் தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தை எழுதினார். ஆக, நமக்கு அன்றே எழுத்தில் குரல் இருந்தது. உரைநடையின் வரலாற்றை எழுதியவர்கள் நாவலை எண்ணினார்கள், இதையெல்லாம் எண்ணாமல் விட்டார்கள். நாம் பேசாத சனம் என்ற நம்பிக்கை அப்படித்தான் உருவானது.

முதல் நாவலுக்கு நூறாண்டு கழித்து, 1979இல் பூமணியின் 'பிறகு' வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கையைப் படர்க்கையில் சொல்லும் நாவல். இங்கே கதைசொல்லி குறுக்கே வந்து உபதேசம் செய்வதில்லை, பரிதாபப்படச் சொல்வதுமில்லை. அழகிரியின் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதில் ஒரு காட்சி. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கினார் என்று விளக்குகிறார். சிரிப்பு அடங்கிக் கோபம் வருகிறது. இதையே நாயக்கரின் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சொல்லியிருந்தால், அது வெறும் பொட்டலம் வந்து சேர்ந்த செய்தி. சொல்லப்படாமலேகூடப் போயிருக்கும்.

நம்மில் ஒருவர் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சிவகாமி இந்தக் கேள்வியைத் தனக்கே வைத்தார். 1989இல் 'பழையன கழிதலும்' எழுதியவர், பிறகு 'ஆசிரியர் குறிப்பு' என்ற நூலில் அதே நாவலுக்குத் திரும்பிப் போய், தான் எதை மாற்றினேன், எதை விட்டேன் என்று கதைசொல்லியையே விசாரித்தார். ராஜ் கௌதமன் 2002இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதியபோது, தன் வாழ்க்கையை 'நான்' என்று சொல்லாமல், சிலுவை என்ற பையனைத் தள்ளி நிறுத்திக் கிண்டலோடு பார்த்தார். 'சரித்திரம்' என்ற பழைய தலைப்பு முதலியார் வீட்டிலிருந்து நம் தெருவுக்கு வந்து சேர 123 ஆண்டுகள் ஆயின.

இது இலக்கியத்தோடு முடிகிற விஷயமில்லை. 2012 நவம்பர் 7 அன்று நம் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. இப்படிப்பட்ட நிகழ்வுகளை 'இரு தரப்பினர் மோதல்' என்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. அந்த வாக்கியத்துக்கும் ஒரு கதைசொல்லி உண்டு. அவர் நடுவில் நிற்பதாகக் காட்டிக்கொள்கிறார். எரித்தவரையும் எரிந்த வீட்டுக்காரரையும் ஒரே சொல்லில் அடைக்கும் இடம் நடுவிடம் ஆகாது.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை ஒரு நாவலையோ, செய்தியையோ, விசாரணை அறிக்கையையோ கையில் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சொல்கிறவர் எந்தத் தெருவில் நிற்கிறார்? யாரை வாசகராக நினைத்துப் பேசுகிறார்? அவர் கண்ணுக்குப் படாதவர் யார்? உங்கள் பாட்டி சொல்வதை எழுதும்போது இதே கேள்விகளை உங்களிடமும் கேளுங்கள். நம் தெருப் பெண்களை, நமக்கும் கீழே என்று நாம் நினைப்பவர்களை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதும் இதே கணக்கில்தான் வரும்.

ஜெய்பீம்.