கறுப்பு வெள்ளையும் கேளம்பாக்கத்து உப்பும்

கேளம்பாக்கத்திற்கும் கோவளத்திற்கும் இடையே விரிந்த உப்பளங்களைப் படமெடுப்போருள் சிலர், வண்ணத்தை நீக்கி, மணல் தூவியது போன்ற புள்ளிகளையும் கீறல்களையும் கணினியால் சேர்த்து, 1930களின் அமெரிக்கப் பெருமந்தக் காலப் படங்களின் சாயலை வருவிக்க விழைகின்றனர். ஆயின் மூலப் படங்கள் அத்தகையன அல்ல. உறைபனியில் பட்டாணிப் பயிர் கருகியதால் வேலையிழந்தோர் தங்கிய நிப்போமோ முகாமில், 1936 மார்ச்சில் டொரதியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். அவர் கையாண்டது நான்குக்கு ஐந்து அங்குலப் பெரிய நெகட்டிவ். நெற்றிச் சுருக்கமும் கிழிந்த சட்டைக்கையும் துலக்கமாகத் தெரிகின்றன. மங்கலும் கீறலும் பெரும்பாலும் பின்னாளைய மறுபதிப்புகள் தந்தவை. போலி செய்வோர் பிடித்துக்கொண்டது அவற்றையே!

அப்படங்களின் உயிர் அடிக்குறிப்பில் இருந்தது: ஊர், மாதம், தொழில், சிலவற்றில் கூலியும்கூட. அத்தாயின் பெயரை மட்டும் லாங் கேட்டெழுதவில்லை. அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளிப்பட்டது. படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது.

இக்குறை நம் மண்ணிலும் உண்டு. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தில் ஹூப்பர் என்னும் படையதிகாரி, எலும்பும் தோலுமானவர்களைக் குழுவாக அமர்த்திப் படமெடுத்தார். அவர்களும் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர். அப்பஞ்ச நிவாரணக் கூலிகளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்டினர். கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே உப்பளங்களை ஒட்டிச் செல்வது அதன் தென்பகுதி. வெட்டியவர் பெயர்கள் அறியப்படவில்லை. கால்வாய்க்குச் சூட்டப்பட்டது ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்.